புகார் வரும்வரை காத்திராத ஆணை

நேயர்களுக்கு வணக்கம். தொழிலாளர் துறையில் ஆய்வாளராக நெடுநாள் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில், அமெரிக்கச் செய்தி ஒன்றைப் படித்ததும் எனக்குச் சம்பளப் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது.

1965 செப்டம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் போட்ட 11246-ஆம் எண் நிர்வாக ஆணையை, 2025 ஜனவரி 21 அன்று, பதவியேற்ற மறுநாளே, டிரம்ப் ரத்து செய்தார். அரசிடம் ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனம் இனம், நிறம், மதம் பார்த்து வேலை தரக் கூடாது என்றது அந்த ஆணை. ஆண், பெண் பேதமும் கூடாது என்பது பின்னால் சேர்ந்தது. அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இப்படிப்பட்ட நிறுவனங்களில்தான் இருக்கிறார்.

“வேலையில் பேதம் காட்டுவதைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியேதானே இருக்கிறது, என்ன குறைந்துவிட்டது?” என்று கேட்கிறார்கள். சட்டம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதன்படி பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்தான் புகார் தர வேண்டும். அதுவும் 180 நாளுக்குள், பல மாநிலங்களில் 300 நாளுக்குள். “வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்” என்று இரண்டு வரி மின்னஞ்சல் பெற்ற பெண், அந்த வேறொருவர் யார், அவருக்கு என்ன தகுதி என்று எங்கே போய்ப் பார்ப்பாள்?

அந்த ஆணையின் கீழ் யாரும் புகார் தராமலே அதிகாரி பதிவேட்டைக் கேட்கலாம். ஒரே வேலை, ஒரே அனுபவம். ஒரு பெயருக்கு நேரே ஒரு தொகை, அடுத்த பெயருக்கு நேரே கொஞ்சம் குறைவு. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் கண்ணில் படும். வேலை செய்கிறவர் கைக்கு அந்தப் பதிவேடு வருவதே இல்லை.

இந்த ஆணைக்கு வேர் 1941-இல் இருக்கிறது. போர்த் தளவாட ஆலைகள் கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்தபோது, ரயில் தூங்கும் பெட்டிச் சிப்பந்திகளின் சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப், ஒரு லட்சம் பேரோடு வாஷிங்டனுக்கு வருவேன் என்றார். அதிபர் ரூஸ்வெல்ட் ஜூன் 25-இல் அந்த ஆலைகளில் பேதம் கூடாது என்று ஆணை போட்டார், பேரணி நின்றது. நாடாளுமன்றத்தில் தென் மாநிலத்தார் கறுப்பினத்தவருக்கு ஆதரவாக எதையும் நிறைவேற விட மாட்டார்கள். அதிபரின் பேனா ஒன்றுதான் அன்றைக்கு வழி.

மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் இருந்த இதே போன்ற பாதுகாப்பு மட்டும் தப்பியது. அவை 1970-களில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள், அதிபரின் பேனாவால் மட்டும் ரத்தாகாதவை.

மற்றதிலெல்லாம் ஒப்பந்ததாரர்கள் பழைய முறையிலேயே தொடர 90 நாள் தவணை. 2025 ஏப்ரலோடு அது முடிந்தது. இப்போது அவர்களிடம் அரசு கேட்பது வேறு உறுதிமொழி: சட்டவிரோதமான பன்முகத்தன்மைத் திட்டம் (பலதரப்பினரையும் வேலையில் சேர்க்கும் திட்டம்) எதையும் நாங்கள் நடத்தவில்லை என்று.