எட்டுப் பத்தித் தலைப்பில் ஒரு தப்பு

(தர்மபுரியில் நூலக வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். மழை வருகிற மாதிரி இருக்கிறது, அதனால் நேராக விஷயத்துக்கு, பழைய பேப்பர் தலைப்புகளுக்கு, வந்துவிடுகிறேன்.

1948 நவம்பரில் எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் ரயில் பெட்டியின் பின்பக்கம் நின்றுகொண்டு, வாயெல்லாம் பல்லாக ஒரு பேப்பரைத் தூக்கிக் காட்டுகிறார். அதில் கொட்டை எழுத்தில் 'ட்ரூமனை டூயி தோற்கடித்தார்' என்று போட்டிருக்கிறது. ஜெயித்தவரோ ட்ரூமன்! சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை செய்த வேலை அது. அங்கே அப்போது அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள், அதனால் முதல் பதிப்பை வழக்கத்தைவிடச் சீக்கிரமே அச்சுக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம். ஓட்டு எண்ணி முடிந்தபாடில்லை, கருத்துக் கணிப்புகளெல்லாம் டூயிதான் டூயிதான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தன, சரி போடு என்று போட்டுவிட்டார்கள். ஏறக்குறைய 1,50,000 பிரதிகள் வெளியே போய்விட்டன. போனதைத் திரும்பப் பிடிக்க முடியுமா? தோற்றதாகச் சொல்லப்பட்டவர் கைக்கே ஒரு பிரதி வந்து சேர்ந்ததால்தான் இன்றைக்கும் உலகம் அதைப் பார்த்துச் சிரிக்கிறது.

நம் ஊரில் தப்பான செய்திக்குப் பேர்போன வருஷம் என்றால் நான் 1979-ஐத்தான் சொல்வேன். மார்ச் 22-ம் தேதி, எமர்ஜென்சியை எதிர்த்து நின்ற தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாயே நாடாளுமன்றத்தில் அறிவித்தார், உறுப்பினர்கள் அஞ்சலி செலுத்தினார்கள். அவரோ பம்பாய் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார்! உண்மையில் காலமானது அந்த அக்டோபரில்தான், தன் மரணச் செய்திக்குப் பிறகு ஆறு மாதத்துக்கும் மேலே வாழ்ந்த மனுஷர் அவர்.

அதே வருஷம் ஜூலையில் ஸ்கைலாப். இங்கே ஐம்பத்தைந்து, அறுபது வயதைத் தாண்டியவர்கள் முகத்தில் இப்போதே சிரிப்பு தெரிகிறது. அமெரிக்காக்காரன் விட்ட விண்வெளி நிலையம், எடை 77 டன், கீழே விழப் போகிறது, எங்கே விழும் என்று அவனுக்கே தெரியாது. பத்திரிகைகள் தினம் ஒரு தலைப்பு போட்டன. தலைப்பை மட்டும் படித்தவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொன்னான், அவன் சந்தையில் சொன்னான், கடைசியில் ஆள் ஆளுக்கு, சாகப் போகிறோம், இந்த ஆட்டையும் கோழியையும் யாருக்காக வைத்திருப்பது என்று அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். ஜூலை 11-ம் தேதி அது இந்துமகாசமுத்திரத்திலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கத்திலும் போய் விழுந்தது. எஸ்பெரன்ஸ் என்ற ஊர் நிர்வாகம், எங்கள் ஊரில் குப்பை போட்டதற்கு அபராதம் 400 டாலர் என்று நாசாவுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தது. நமக்குப் போனது ஆடும் கோழியும்தான். பொழுது விடிந்தும் உயிரோடு இருந்தவர்கள், மிச்சமிருந்த குழம்பைச் சூடுபண்ணிச் சாப்பிட்டுவிட்டுக் காட்டு வேலைக்குப் போனார்கள்.

சரி, தலைப்புக்கு எப்படி இவ்வளவு பலம் வந்தது? 1882-ல் சுதேசமித்திரன் தொடங்கிய காலத்தில் பேப்பர் என்பது படித்தவர் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுகிற பொருள். 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தந்தியைத் தொடங்கியபோது, பாமரனுக்குப் புரிய வேண்டும் என்று பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து எழுதவைத்தார். தலைப்பு பெரிசு, சொல் சின்னது. அதன் அருமை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் வைத்திருப்பார்கள். முதல் பக்கம் கிடைத்தவர் சத்தமாகப் படிப்பார், எழுத்துத் தெரியாதவர் கிளாஸைக் கையில் பிடித்தபடி டீ ஆறிப்போகிறது தெரியாமல் கேட்பார், "அடுத்தது என்னா போட்டிருக்கான் அண்ணா?" என்பார். அவர் தோளோடு ஒட்டி நிற்கிற பேரப்பிள்ளை அந்தப் பெரிய எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்துப் பார்க்கும். அந்தத் தலைப்புகள் எத்தனையோ பேருக்கு அரிச்சுவடி. 'சதக் சதக்' என்று கத்திக்குத்துக்குச் சத்தம் போட்டதையும், தர்மபுரி மாதிரி வறண்ட சீமையில்கூட ஆள் தப்பினால் போலீசார் 'வலைவீசித்' தேடியதையும் சொல்லிச் சிரிக்கிறோம், சிரிக்கலாம். ஆனால் படிக்கிறவன் காதில் விழ வேண்டும் என்று நினைத்து எழுதியவர்கள் அவர்கள், அந்த மரியாதை எனக்கு எப்போதும் உண்டு.

ஒன்றில் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. பெண் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் உடனே 'அழகி', உடனே 'உல்லாசம்'. செத்துப்போன பெண்ணுக்கும் அதே அடைமொழி. அது அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு. பாருங்கள், 'சதக் சதக்' மறைந்துகொண்டிருக்கிறது, இது மட்டும் போன் வரைக்கும் வந்துவிட்டது.

அப்புறம் நம் மாவட்டம். வருஷக்கணக்கில் தர்மபுரி என்ற பெயர் முதல் பக்கத்தில் வந்தால் பாதி நாள் அது வீரப்பன் செய்திதான். வெளியூரில் வேலைக்குப் போன நம் பிள்ளைகளிடம், ஓ, வீரப்பன் ஊரா என்று கேட்பார்கள். அவர் பிறந்தது கர்நாடகத்துக் கோபிநத்தம். ஆனால் 2004 அக்டோபர் 18 ராத்திரி சுட்டுக் கொல்லப்பட்டது பாப்பாரப்பட்டி பக்கம், அந்த ஊர்ப் பெயர் இந்தியா முழுக்கத் தலைப்பில் வந்தது. அதே பாப்பாரப்பட்டியில்தான் சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டு, தொழுநோயோடு அலைந்து, 1925-ல் உயிரை விட்டார். ஞானபாநு பத்திரிகையை நடத்திய மனுஷர். அந்த ஊரைச் சொன்னால் இவர் ஞாபகம் எத்தனை பேருக்கு முதலில் வருகிறது? ஒரு தலைப்பு ஊர்மேல் ஒட்டிக்கொண்டால் லேசில் உரிந்து வராது. எனக்கு இதில் ரொம்ப நாள் வருத்தம்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் பழைய தலைப்புகளுக்காக நான் பேச வந்திருப்பதற்குக் காரணம் இதுதான்: அவை ஓடி ஒளிய முடியாது. ட்ரிப்யூன் போட்ட தப்பு இன்றும் தாளில் இருக்கிறது. இன்றைக்குப் போனில் வருகிற தலைப்பு காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் அந்தச் செய்தியையே காணோம். திருத்தம் என்று ஒரு வரி போட வேண்டும் என்ற கூச்சம்கூடச் சில இடங்களில் இல்லை. காலையில் தப்பாகப் போட்டதை யார் தூக்கிக் காட்டுவது? எதைத் தூக்கிக் காட்டுவது?

அதனால்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில், இரும்புப் பெட்டியின் அடியில், பாத்திர அலமாரியில் விரித்தது, கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழம் வந்த பெட்டிக்குள் சுருட்டி வைத்தது, எதுவானாலும் பழைய பேப்பர் இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன்னால் தேதியை ஒரு தடவை பாருங்கள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தையது என்றால், யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய 'லை'யும் 'னை'யும் அதில் இருக்கும், பிள்ளைகள் படிக்கத் திணறுவார்கள், பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் டேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகித் தாளையே தின்றுவிடும். அப்படியே இங்கே கொண்டுவந்து கொடுங்கள். 1965-ல் சேலத்திலிருந்து தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த அன்றைய பேப்பர் யாரிடமாவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.