அடங்குதலும் அடக்குதலும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய ஓய்வுபெற்ற அதிபர் அவர்களே, மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் வந்து நேரே மண்டபத்துக்கு வந்திருக்கும் ஐயா அவர்களே, மங்கல விளக்கேற்றிய அம்மையார் அவர்களே, வெள்ளவத்தைப் பெருமக்களே, வணக்கம்.

'அடக்கம்' என்ற சொல்லின் இலக்கணம், அதன் வழக்கு, அதன் உறவுச் சொல்லான 'ஒடுக்கம்' ஆகிய மூன்றையும் பேச வந்திருக்கிறேன்.

அடக்கம் ஆயிரம் பொன் பெறும் என்பார் என் பாட்டனார். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்து, ஆமையைப் போல ஐந்தையும் அடக்கச் சொன்னார். கடையில் அடக்கவிலை, நூலில் உள்ளடக்கம், மறைந்தவருக்கு நல்லடக்கம். ஊரடங்கு என்ற சொல்லைக் கொழும்பில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடங்கு என்பது தன்வினை, அடக்கு பிறவினை. 'ங்' இருந்த இடத்தில் 'க்' வந்து உட்காருகிறது, அவ்வளவுதான். ஆனால் 'அடக்கம்' என்று பெயராக்கிவிட்டால், தானே அடங்கினாரா, பிறர் அடக்கினார்களா என்பது மறைந்துபோகிறது.

இதை எனக்குக் கற்பித்தவர் கொட்டாஞ்சேனை ஆச்சி ஒருவர். ஓர் அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். காலை எட்டு மணிக்கு வந்தவர். கையில் மகனின் பிறப்புச் சான்றிதழ், மடியில் வெற்றிலைப் பை. பதினொரு மணிக்கு அவர் முறை வந்தது. நீட்டிய படிவம் முழுவதும் சிங்களம். "தமிழில் இல்லையா, தம்பி?" என்றார். தீர்ந்துவிட்டது, இதிலேயே கையொப்பமிடுங்கள் என்றார் எழுதுவினைஞர். "வாசிக்காமல் எப்படி ஐயா வைப்பது?" குரல் சற்று உயர்ந்தது. "அம்மா, அடக்கமாகப் பேசுங்கள்." ஆச்சி பேனாவை மேசையில் வைத்தார். "மூன்று மணி நேரமாக அடங்கித்தானே நிற்கிறேன், நீங்கள் ஏன் என்னை அடக்குகிறீர்கள்?" வரிசையே அமைதியானது. எந்த இலக்கண ஆசிரியரும் தன்வினையையும் பிறவினையையும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

அடக்கம் ஆயிரம் பொன் பெறும். அந்தப் பொன் ஆச்சிக்குச் சேர வேண்டியது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988இல் வந்த 16ஆம் திருத்தத்தின்படி, கொழும்பிலும் நாம் தமிழில் அலுவல் பார்க்க உரிமை உண்டு. அப்படியிருக்கத் தமிழ்ப் படிவம் எப்படித் தீர்ந்துபோகும்? அதை அச்சிட்டு வைப்பது சலுகையா?

ஒடுக்கத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியடித்துவிட்டார். எல்லா அலுவலகக் கருமபீடங்களிலும் தமிழ்ப் படிவம் வேண்டும் என்ற மனு வாசல் மேசையில் இருக்கிறது. தமிழில்தான் எழுதியிருக்கிறோம், முழுவதும் வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.