ஒலிம்பிக் பதக்கத்தைப் பறித்த மாத்திரை உங்கள் சிலபஸில் இருக்கிறது! | நர்சிங் மாணவர்களின் பார்மகாலஜி பயம்

2008, பெய்ஜிங் ஒலிம்பிக். வட கொரியாவின் துப்பாக்கி சுடும் வீரர் கிம் ஜாங் சு ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வாங்குகிறார். கொஞ்ச நாளில் இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். ஊக்கமருந்து. ஆனால் வேகமாக ஓட வைக்கிற மருந்து இல்லை, தசையை முறுக்கேற்றுகிற மருந்தும் இல்லை. கை நடுங்காமல் பார்த்துக்கொள்கிற ஒரு மாத்திரை. பெயர் புரோப்ரனலால்.

அடுத்த வாரம் பார்மகாலஜி, அதாவது மருந்தியல் வகுப்பு தொடங்குகிறதே என்று வயிற்றைப் பிசைந்துகொண்டு இருக்கிற தங்கச்சி, தம்பி, உங்களுக்காகத்தான் இந்த வீடியோ. அந்த மாத்திரை உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் கை ஏன் நடுங்குகிறது என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் பி.எஸ்சி நர்சிங்கை செமஸ்டர் முறைக்கு மாற்றியது, பார்மகாலஜி மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் வருகிறது. முடிந்தது. இதற்கு மேல் பேசினால் நீங்கள் வீடியோவைத் தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள்.

இப்போது என் கதை. சீனியர் அக்காவிடம் பாதி விலைக்கு வாங்கிய புத்தகம். தலையணை கனம். வகுப்புக்கு முந்தின வாரம் அதற்குப் பிரவுன் தாளில் அட்டை போட்டேன். லேபிள் ஒட்டினேன். பேரை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, பிடிக்காமல் லேபிளைக் கிழித்து, வேறு ஒட்டினேன். ஐந்து நிறத்தில் ஹைலைட்டர் வாங்கினேன். எல்லாம் செய்தேன், புத்தகத்தை மட்டும் திறக்கவில்லை. ஒவ்வொரு முறை "நாளைக்குப் பார்க்கலாம்" என்று மூடி வைக்கும்போதும் ஒரு நிம்மதி வருமே, அதுதான் வில்லன். அந்த நிம்மதி ருசித்துவிட்டால் மறுநாளும் மூடி வைக்கத்தான் தோன்றும், பயம் ஒரு சுற்று பெருக்கும். மனநலப் பாடத்தில் இதற்குத் தவிர்த்தல் என்று பெயர் சொல்வார்கள். ஹாஸ்டலில் இதற்குப் பெயர் "நாளையிலிருந்து".

சரி, புத்தகத்தைத் திறப்போம். எங்கே? முதல் பக்கத்தில் வேண்டாம். "லால்" என்று முடிகிற மருந்துகளில்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே வகுப்பில் மூன்று செந்தில் இருந்தால் நாம் என்ன செய்வோம்? இனிஷியல் வைத்துப் பிரிப்போம். யார் வீட்டுப் பிள்ளை என்று அந்த ஒரு எழுத்து சொல்லிவிடும். மருந்துக்கும் இனிஷியல் உண்டு. நமக்கு முன்னால் ஒட்டும், அதற்கு வாலில் ஒட்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அட்டெனலால், மெட்டோப்ரலால், புரோப்ரனலால்: மோகன்லாலை மட்டும் விட்டுவிடுங்கள், மற்ற லால்கள் எல்லாம் பீட்டா பிளாக்கர் குடும்பம்.

பயந்தால் என்ன ஆகிறது? அட்ரினலின் கிளம்பி இதயத்திலும் தசையிலும் இருக்கிற பீட்டா ஏற்பிகள் என்ற கதவுகளைத் தட்டுகிறது. கதவு திறந்ததும் இதயம் படபட, கை நடுநடுங்க. லால் குடும்பம் அந்தக் கதவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அட்ரினலின் வந்து பார்த்துவிட்டு, இடமில்லாமல் திரும்பிப் போகும். இந்தக் கதவை அடைக்கும் வித்தையைக் கண்டுபிடித்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் கிடைத்தது.

உடனே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள்! அதே வகைக் கதவு நுரையீரலிலும் இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர் புரோப்ரனலால் போட்டால் மூச்சுக்குழாய் இறுகிவிடும். நாடித்துடிப்பும் இறங்கும். அதனால்தான் வார்டில் இந்த மாத்திரையைக் கொடுக்கும் முன் நாடி பார்க்கிறோம், 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்கிறோம். கவனித்தீர்களா? வால் ஒன்று தெரிந்ததும் வேலை, பக்க விளைவு, நர்ஸ் என்ன செய்ய வேண்டும், எல்லாம் கொத்தாக வந்துவிட்டது. ஆயிரம் பெயர் என்று பயந்தோமே, அது சில பத்துக் குடும்பம்தான்.

"ப்ரில்" என்றால் ரத்த அழுத்தத்துக்கான மருந்து, கூடவே பக்க விளைவாக வறட்டு இருமல். இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை கேப்டோப்ரில் பிறந்ததே பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில்தான். "ஸ்டாட்டின்" என்றால் கொலஸ்ட்ரால்.

அப்பாடா என்று சாயும்போதுதான் ஒரு போலி இனிஷியல் வருகிறது. நிஸ்டாட்டின். கொலஸ்ட்ரால் மருந்து என்று எழுதினேன், டியூட்டர் சிவப்பு மையில் போட்ட வட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அது பூஞ்சைக்கான மருந்து! எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் கண்டுபிடித்தது. வேலை பார்த்த நியூயார்க் மாநிலத்தின் பெயரையே சுருக்கி மருந்துக்கு வைத்துவிட்டார்கள். குடும்பத்துக்கே சம்பந்தமில்லாத ஆள். ஒரு தடவை அவமானப்பட்டதால் இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கணக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. 500 மில்லி சலைன், நாலு மணி நேரத்தில் ஏற வேண்டும், ஏற்றுகிற டியூப் செட்டில் மில்லிக்கு 20 துளி. மணிக்கு 125 மில்லி, மூன்றால் வகுங்கள் (60 நிமிடத்தை 20 துளியால் வகுத்தால் வருகிற மூன்று), நிமிடத்துக்குச் சுமார் 42 துளி. சின்னச் சின்னத் துளியாக விழுகிற மைக்ரோ செட் என்றால் மில்லிக்கு 60 துளி, வகுத்தலே வேண்டாம்: மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை துளி. அறுபது நிமிடமும் அறுபது துளியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அழகு இல்லையா? நான் மட்டும்தான் ரசிக்கிறேனா?

பரீட்சை ஹாலுக்கு வெளியே படபடப்பு வந்தால், மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுங்கள். மூச்சு விடும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் குறையும், இதுவும் உங்கள் பிசியாலஜி பாடம்தான். இன்னொன்று, சிகாகோ பல்கலைக்கழகத்தில் செய்து 2011-ல் வெளியான ஆய்வு: பரீட்சைக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் கொட்டியவர்கள், குறிப்பாக அதிகம் பயப்படுகிறவர்கள், நன்றாக எழுதினார்கள். எனக்கு இது முதலில் பாட்டி வைத்தியம் மாதிரி தோன்றியது. செய்து பார்த்தேன். "எனக்கு இங்கிலீஷ் வராது, தமிழ் மீடியம், சிரிப்பார்கள்" என்று நாலு வரி எழுதியதும் அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. மலை மாதிரி இருந்தது நாலு வரிதான்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது இந்த வீடியோவில் தீராது. 14416, டெலி மானஸ், அரசின் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

இன்று ராத்திரி வேலை இதுதான்: புத்தகத்தைத் திறந்து ஒரே ஒரு வால், பத்தே நிமிடம், பிறகு மூடிவிட்டுத் தூங்குங்கள். ஹைலைட்டர் வேண்டாம்.

கமெண்டுக்கு ஒரு கேள்வி. ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், ராபெப்ரசோல் மூன்றும் வயிற்று அமிலத்துக்கு. அப்படியானால் அரிபிப்ரசோல் எதற்கு? கூகுள் பார்க்காமல் எழுதுங்கள். "அல்சருக்கு" என்று எழுதுகிறவர்களுக்கு என் சிவப்பு மை தயாராக இருக்கிறது.