மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம்

(விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் பிளஸ் டூ வழியனுப்பு விழாவில், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர் அம்மா அவர்களே, டீச்சர்மாரே, சார்மாரே, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிற அக்கா, மதினி, அண்ணாச்சிமாரே, பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்ட எங்கள் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நேற்றோடு கடைசிப் பரீட்சை முடிந்தது. முடிவு வர மே மாதம் ஆகும். அதுவரைக்கும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான் ஓடும்: "ரிசல்ட் வரட்டும், பார்ப்போம்." பெருமையையும் அதோடு சேர்த்து எடுத்து வைத்துவிடுகிறோம். மார்க் நன்றாக வந்தால் ஊரெல்லாம் மிட்டாய் கொடுப்போம். குறைந்தால் பேச்சே இருக்காது. அப்படி வேண்டாம் என்று உங்களிடம் கேட்டுக்கொள்ளத்தான் நான் மேடை ஏறினேன். பிள்ளை பன்னிரண்டு வகுப்பும் படித்து முடித்திருக்கிறது. நாம் பெருமைப்பட அதுவே போதும்.

ஏன் போதும் என்று என் வயதுப் பெண்களுக்குத் தெரியும். 1980களிலும் 90களிலும் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியும் முன்னே ஊருக்குள் வந்து நிற்கும். பெரியவர்களோடு பத்து வயதுப் பிள்ளைகளும் ஏறுவார்கள். நானும் ஏறியிருக்கிறேன். மரச் சட்டத்தில் குச்சி அடுக்க வேண்டும், பெட்டியில் அடைக்க வேண்டும், லேபிள் ஒட்ட வேண்டும். எத்தனை முடித்தோமோ அத்தனைக்குத்தான் கூலி என்பதால் சோறு தின்கிற நேரத்தைக்கூடக் குறைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வீட்டில் முன்பணம் வாங்கியிருந்தால், அது கழிகிற வரைக்கும் பிள்ளைக்கு வேறு வழி கிடையாது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் முதன்முதலில் கால் வைத்த ஊர்களில் நம் சிவகாசியும் ஒன்று. சட்டம் வந்தபிறகும் அந்த வண்டியிலிருந்து பிள்ளைகள் இறங்கப் பல வருஷம் ஆனது. நான் ஐந்தாவதோடு நின்றவள். என்னை அனுப்பிய அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டியிருந்தது.

என் மகள் ஒரு வருஷம்கூட இடையில் நிற்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

நிற்காமல் போனதால் அது தானாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெண் பிள்ளையை நிறுத்திவிட நம் பக்கத்தில் எத்தனை இடம் இருக்கிறது! வயதுக்கு வந்ததும் ஒரு பேச்சு வரும். எட்டாவது முடிந்ததும், "உயர்நிலைப் பள்ளி தூரமாக இருக்கே" என்பார்கள். பத்தாவது லீவில் நூல் மில்லுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் வந்து திண்ணையில் உட்காருவார்கள். மூன்று வருஷம் மில்லிலேயே தங்கி வேலை பார்த்தால் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்பார்கள். அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். மங்கலமான பெயர்தான்; அதில் போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டு திரும்பிய பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பிறகு பிளஸ் ஒன்னில், "மாமன் மகன் இருக்கான், காலாகாலத்தில் முடித்துவிடலாம்" என்று உறவுக்காரர்கள் வருவார்கள். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் "வேண்டாம், படிக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். சில வீட்டில் அம்மா, சில வீட்டில் ஆச்சி. இரண்டு நாள் வராத பிள்ளையைத் தேடி வீட்டு வாசலுக்கே வந்த டீச்சர்மார் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். சத்துணவு முட்டையும் பஸ் பாஸும் பிளஸ் ஒன் சைக்கிளும் தங்கள் பங்கைச் செய்தன. ஆனாலும் தினமும் எழுந்து கிளம்பியது பிள்ளைதான். அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட் இருந்தபோது தம்பிக்குச் சோறு ஊட்டிவிட்டு ஓடியது அவள்தான். இது எந்த மார்க் ஷீட்டிலும் வராது.

இந்த மண்ணுக்குப் படிப்பின் அருமை புதிதில்லை. விருதுநகரில் அந்தக் காலத்துப் பெண்கள் உலையில் போடும் முன் தினம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடியரிசியில் வளர்ந்ததுதான் க்ஷத்ரிய வித்யாசாலைப் பள்ளிக்கூடம். அங்கே படித்து, சிறு வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் நின்றவர்தான் காமராஜர். தனக்குக் கிடைக்காத படிப்பு மற்றவர் பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்று ஊருக்கு ஊர் பள்ளி திறந்து, 1956-ல் மதிய உணவும் போட்டார். 2023-ல் பிளஸ் டூ தேர்ச்சியில் நம் மாவட்டம் மாநிலத்திலேயே முதலிடம் வந்தபோது நான் அந்தப் பிடியரிசிப் பெண்களைத்தான் நினைத்தேன். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது.

மார்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாநில ரேங்க் அறிவிப்பதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. நாம்தான் தெருவுக்குள் இன்னும் ரேங்க் போட்டுக்கொண்டிருக்கிறோம். அறுநூறுக்கு எவ்வளவு என்று கேட்கிற மாமா, சித்தப்பாவுக்கெல்லாம் நீங்கள் பதில் சொல்லுங்கள். பிள்ளையை முன்னால் நிறுத்தாதீர்கள். ஒரு பாடத்தில் போய்விட்டால் துணைத் தேர்வு இருக்கிறது, உடனே எழுதி அந்த வருஷமே கல்லூரியில் சேரலாம். அந்தப் பிள்ளையும் பன்னிரண்டு வருஷம் வந்த பிள்ளைதான்.

அண்ணாச்சிமாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மகளைப் பற்றி டீக்கடையில் நீங்கள் பேசுவது எங்கள் காதுக்கு வருகிறது. "எம்பொண்ணு பிளஸ் டூ பரீட்சை எழுதிட்டா" என்று வேட்டாபீஸ், அதாவது பட்டாசு ஆலை, வாசலில் சொல்கிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் வாயைத் திறப்பதில்லை. புகழ்ந்தால் கண்ணுபடும், தலையில் ஏறிவிடும் என்று பயம். ஏறட்டுமே! பதினேழு வயதில் அப்பா வாயால் ஒரு நல்ல சொல் கேட்ட பிள்ளை அதை வைத்துக்கொண்டு எவ்வளவோ தூரம் போகும். இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "உனக்காக எவ்வளவு பட்டோம் தெரியுமா" என்று கூடவே கணக்கை நீட்டாதீர்கள். நாம் பட்டது அவர்களுக்குத் தெரியும். நம் கையைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள்.

கடைசியாக, வேலையாக ஒரு விஷயம். சாதிச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று, மூன்றையும் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். மே மாதம் கூட்டம் தாங்காது. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. கல்லூரி சேர்ந்ததும் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். அதற்குப் பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். அடுத்த வாரம் முழுக்கக் காலையில் நாங்கள் பள்ளியில் இருப்போம். ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையும் கொண்டு வாருங்கள், பிள்ளையையும் கூட்டி வாருங்கள். வணக்கம்.