காற்று விட்டவள் பேசுகிறேன்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, வேலை முடித்த கையோடு இந்தக் கோயில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் சுங்கை சிப்புட் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

‘ஒரு குடும்பத்தில் இசைக்கருவி வாசிக்கும் ஆர்வம் தலைமுறை தாண்டித் தொடரப் பெரிதும் காரணம் வீடா, வகுப்பா?’ என்பது இன்றைய தலைப்பு. வீடே என்று வாதாட வந்திருக்கிறேன். தலைப்பில் திறமை என்ற சொல் இல்லை, ஆர்வம் என்ற சொல்தான் இருக்கிறது என்பதை நடுவர் அவர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், தம் நேரம் முழுவதையும் திறமைக்கே செலவிட்டார். சுரம் எழுதப் பழகாத வீட்டுப் பயிற்சி ஒரே தலைமுறையில் கரைந்துபோகும் என்றார். பரம்பரைக் கலைஞர்களே வெளியே குருவைத் தேடித்தான் போனார்கள் என்றார். தோட்டங்கள் கலைந்த பிறகு இந்த மலேசிய நாட்டில் நம் இசையைக் காப்பாற்றியவை வகுப்புகளே என்றார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். அதற்கு முன்பு ஓர் ஆர்மோனியப் பெட்டியின் பின்பக்கத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும். நான் முதன்முதலில் இசையைப் பார்த்தது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

என் தாத்தா, இங்கிருந்து சில மைல் தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். இருட்டோடு எழுந்து, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நிரை நிரையாக மரம் சீவி, மங்குகளில் இறங்கிய பாலைச் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். குளித்த பிறகும் நகக்கண்களில் பால் உறைந்து ஒட்டியிருக்கும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தப் பிசினை விரல் விரலாக உருட்டி எடுத்த பிறகே பெட்டியைத் திறப்பார். கட்டைகளில் ஒட்டிவிடுமோ என்று அவருக்கு அவ்வளவு அச்சம். அந்தக் காலத்தில் மலாயாவுக்கு வந்துபோன நாடகக் குழு ஒன்றில் வாசித்தவர், ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பெட்டி அது. துருத்தியின் மடிப்பில் விரிசல் விழுந்தால் தாத்தா கடைக்குப் போகமாட்டார். மங்கில் கொஞ்சம் பால் கொண்டுவந்து, பழைய வேட்டித் துணியில் நனைத்து, விரிசலின் மேல் ஒட்டிக் காயவைப்பார்.

ஒரு கையால் துருத்தியை அழுத்தி மறு கையால் கட்டைகளைத் தொடுவது வழக்கம். இரண்டு கையாலும் வாசிக்க ஆசை வந்துவிட்டால், “பாப்பா, வந்து காத்து விடு” என்று என்னைக் கூப்பிடுவார். எனக்கு அப்போது ஆறு வயது. பெட்டிக்குப் பின்னால், அவர் முகத்தைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்து துருத்தியை அழுத்துவேன். விசிறி வீசுவதுபோல் ஒரே சீராகச் செய்துவிடக்கூடிய வேலை இல்லை அது, நடுவர் அவர்களே. வேகமாக அழுத்தினால் பாட்டு கத்தும். அசந்துவிட்டால் அடியின் நடுவிலேயே தொய்ந்து விழும். இந்த அடி முடியப் போகிறது, காற்றைக் கொஞ்சம் இறக்க வேண்டும். அடுத்த அடி மேலே ஏறப் போகிறது, இப்போதே நிரப்பி வைக்க வேண்டும். இப்படியே பழகிப் பழகி, ஒரு சுரத்தின் பெயர்கூடத் தெரியாத வயதில், ஒரு பாட்டு எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது என்பது என் முழங்கைக்குத் தெரிந்துவிட்டது.

தாத்தா எனக்குக் கற்றுத் தரவில்லை. அவர் தமக்காக வாசித்தார், காற்று தேவைப்பட்டது, என்னைக் கூப்பிட்டார். பெரியவர்கள் தங்கள் ஆசைக்காக வாசிக்கும் வீட்டில்தான் பிள்ளைக்கு ஆசை பிறக்கிறது என்பதே இந்த மேடையில் என் வாதம். அப்பாவும் அப்படித்தான் வாசிப்பவரானார், நானும் அப்படித்தான் ஆனேன்.

எதிரணித் தோழி ஒருவர், ஆர்மோனியம் நம் கர்நாடக இசைக்கு ஒவ்வாத கருவி என்றும், 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியே அதை விலக்கி வைத்திருந்தது என்றும் சொல்லி, அந்தப் பெட்டியைக் கேட்டு வளர்வதில் என்ன ஞானம் வந்துவிடும் என்று கேட்டார். அவர் சொன்ன செய்தி உண்மையானது. பாரிசில் 1840-களில் காப்புரிமை பெற்ற கால்மிதிப் பெட்டி, வங்காளத்தில் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கைப்பெட்டியாக மாறி நம்மிடம் வந்தது. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே வளைந்து செல்லும் கமகத்தை அதில் பிடிக்க முடியாது. தாத்தாவுக்கு அந்த விவாதம் எதுவும் தெரியாது. ஆனால் கட்டை வளையாத இடத்தில் அவர் குரல் வளைந்தது. குரல் வளையும்போது விரலைக் கட்டையிலிருந்து மெல்ல எடுத்துவிடுவார். பெட்டி வாய்மூடிய அந்த இடங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் கமகம் எங்கே வேண்டும் என்று அறிந்தேன். பதினான்கு வயதில் பட்டணத்தில் ஓர் ஆசிரியரிடம் சேர்ந்தபோது, அவர் மாயாமாளவகௌளை இராகத்தில், தொடக்கப் பாடமான சரளி வரிசையைத் தொடங்கி வைத்தார். இரண்டாம் நாளே, வெள்ளிக்கிழமை பஜனையில் தாத்தா பாடுவது இதைத்தான் என்று பிடிபட்டது. தினமும் பார்த்துப் பழகிய முகத்துக்கு அன்றுதான் பெயர் கிடைத்தது. பெயர் சொல்லிக் கொடுத்த ஆசிரியருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். முகத்தைக் காட்டியது எங்கள் திண்ணை.

வள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களுக்கு அடுத்துக் கேள்வி என்று தனியே ஓர் அதிகாரம் வைத்தார். கற்காதவனாக இருந்தாலும் கேட்கட்டும், தளரும்போது அது ஊன்றுகோலாகும் என்று அதில் சொன்னார். நம் இசைக்காரர்கள் கேள்வி ஞானம் என்று சொல்வதும் இதைத்தான்.

அடுத்து, குருவைத் தேடிப் போனவர்களைப் பற்றிய வாதம். நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானாவை எதிரணித் தலைவர் எடுத்துக்காட்டினார். ஆந்திரத்தின் கரவதியில், முந்நூறு ஆண்டு நாகசுர மரபுள்ள இசுலாமியக் குடும்பத்தில் 1924-இல் பிறந்தவர், தஞ்சைப் பாணியை நாடி நாச்சியார்கோயில் வந்து இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்றார். ஆகவே வீடு போதவில்லை என்றார். போதவில்லை என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாகசுரத்தின் மீது தீராத பற்று இல்லாதவர், இன்னொரு மொழி பேசும் மண்ணுக்கு இன்னொரு பாணியைத் தேடி வந்திருப்பாரா? அந்தப் பற்றை முதலில் ஊட்டியது தந்தையின் நாகசுரம். அவருக்குப் பின் திருவரங்கத்திலிருந்து அதே பாணியை ஏந்தி நிற்பவர்கள் அவருடைய பேரன்களான காசிம், பாபு. இன்னொன்றும் கேட்கிறேன்: குருகுலம் என்பது வகுப்பா? குருவின் வீட்டில் தங்கி, அவருக்குத் தண்ணீர் எடுத்து வைத்து, விடியலில் அவர் தமக்காகச் சாதகம் செய்வதைப் பாயில் படுத்தபடியே கேட்டுக் கண்விழிப்பதற்குப் பெயர்தான் குருகுலவாசம். குருகுலத்தை எங்கள் அணியில்தான் சேர்க்க வேண்டும்.

வீணை தனம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்தவர். சென்னையில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீணை வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்துவான்கள் வந்து தரையில் உட்காருவார்கள். பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி, புல்லாங்குழல் விசுவநாதன், மிருதங்கம் இரங்கநாதன் எல்லாரும் அந்தக் குடும்பத்துப் பேத்திகளும் பேரன்களும். ஒருவர் பாடினார், ஒருவர் ஆடினார், ஒருவர் குழல் எடுத்தார், ஒருவர் தோல்கருவி எடுத்தார். ஒரே பாடத்திட்டத்தில் வார்த்தெடுத்திருந்தால் இத்தனை கிளைகள் விட்டிருக்குமா?

கடல் தாண்டி ஒரே ஓர் எடுத்துக்காட்டு. ஜெர்மானிய இசைமேதை பாக், 1735-இல் தம் குடும்பத்து இசைக்காரர்களின் வரலாற்றை எழுதி வைத்தார். அதில் 53 பெயர்கள் இருக்கின்றன. அந்த வரிசையில் முதலில் நிற்பவர் அரண்மனை வித்துவான் அல்லர்; ரொட்டி சுடும் தொழிலாளி. மாவு அரைக்க ஆலைக்குப் போகும்போதும் தம் தந்திக் கருவியைக் கையோடு கொண்டுபோய், அரைபடும் ஓசைக்கு நடுவே வாசித்துக்கொண்டிருப்பாராம். குடும்பத்து இசை அங்கேதான் தொடங்கியது என்று பாக்கே எழுதுகிறார். இதைப் படித்த அன்று, நகக்கண்ணிலிருந்து பால்பிசினை உருட்டி எடுக்கும் என் தாத்தாவின் விரல்கள் என் கண்முன் வந்தன.

இனிச் சொல்லப்போவது என் வீட்டுக் கதை. சொல்ல வலிக்கும், ஆனாலும் வழக்குக்குத் தேவையான சாட்சியத்தை ஒளித்து வைப்பது முறையாகாது. எனக்கு ஒரு மகன், ஒரு மகள். மகனை ஏழு வயதில் கீபோர்டு வகுப்பில் சேர்த்தேன். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அந்த ஆண்டுகளில் மாலை வகுப்பும் தாள் திருத்தமுமாக ஓடிக்கொண்டிருந்தேன். தாத்தாவின் பெட்டியை அலமாரியின் உச்சியில் ஏற்றித் துணி போர்த்தியிருந்தேன். மகன் சனிக்கிழமைதோறும் வகுப்புக்குப் போனான். ஐந்தாம் கிரேடு வரை தேறினான். சான்றிதழ்களைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினோம். ஐந்தாம் கிரேடு முடிவு வந்த அன்று மாலை, கீபோர்டை உறையில் இட்டு மூடிவிட்டு, “இனி போக வேணாம்தானேம்மா?” என்று கேட்டான். அதன் பிறகு அதைத் தொடவில்லை. ஆசிரியர் குறையில்லாமல் கற்றுக்கொடுத்தார். குறை என்னிடம் இருந்தது. பல ஆண்டுகள் கழித்து ஏன் விட்டாய் என்று கேட்டேன். “நான் வாசிச்சப்ப நீங்க அடுப்படியில இருந்தீங்க. நீங்க வாசிச்சு நான் பார்த்ததே இல்லியேம்மா” என்றான்.

மகள் அவனுக்குப் பல ஆண்டுகள் இளையவள். அவன் கீபோர்டை மூடிய பிறகு, அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் அப்பா எங்களோடு தங்க வந்தார். வந்த அன்றே நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினார். விளக்கு வைத்த பிறகு தினமும் அரை மணி நேரம் வாசிப்பார். கேட்க ஆள் இருந்தாலும் வாசிப்பார், இல்லாவிட்டாலும் வாசிப்பார். நான்கு வயதில் மகள் தானாகவே போய்த் துருத்திக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஒன்பது வயதில் வயலின் கற்க வேண்டும் என்று அவளே கேட்டாள்; வகுப்புக்கு அனுப்பினேன். இன்று ஈப்போவில் தாதியாக இருக்கிறாள். இரவு வேலை முடிந்து வந்து, தூங்குமுன் கால் மணி நேரமாவது வில்லைக் கையில் எடுக்கிறாள். இரண்டு பிள்ளைகளுக்கும் வகுப்பு இருந்தது. அவள் வளர்ந்தபோது வீட்டில் வாசிப்பு இருந்தது. அவன் வளர்ந்தபோது இல்லை.

தோட்டங்கள் கலைந்தன என்ற வாதத்துக்கு வருகிறேன். 1950-களின் இறுதியில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது நம் மக்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள்; அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் இதே ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு பால்மரம் சாய்ந்து, எண்ணெய் தரும் செம்பனை வந்தது; எங்கள் லயமும் போனது. 1981-இல் கோலாலம்பூரில் தொடங்கிய டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைப்பயிற்சி அமைப்புகள் ஆற்றிய பணி பெரிது; அதை வணங்குகிறேன். ஆனால் லாரியில் பாயும் சட்டியும் ஏற்றியபோது, அப்பா அந்தப் பெட்டியை ஏற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாரே, அவரை எந்த அமைப்பும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தைப்பூசத்தில் உறுமி இழுக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அண்ணன் இழுப்பதையும் மாமன் இழுப்பதையும் பார்த்தே கோலை வளைத்துப் பிடிக்கக் கற்றார்கள் என்று இந்த மண்டபத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

“வீட்டுப் பெரியவர் போன பிறகு யார் இருக்கிறார்?” என்று எதிரணித் தலைவர் முடித்தார். அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் துருத்தியின் மடிப்பு மறுபடி விரிந்துவிட்டது. மகள் ஈப்போவிலிருந்து அழைத்து, “பூட்டன் எதை வச்சும்மா ஒட்டுவாரு?” என்று கேட்டாள். சுற்றிலும் செம்பனை; பாலுக்கு எங்கே போவது? ஊருக்கு வெளியே சில ஏக்கரில் இன்னும் பால்மரம் வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, உறையாமலிருக்க அமோனியா விட்ட பாலை ஒரு புட்டியில் வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் துணியை நனைத்து ஒட்டினாள். விடுமுறைக்கு வந்திருந்த மகன், மடிப்பு விலகாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நன்றாகக் காய இரண்டு நாள் ஆகும், அதற்கு முன் காற்று விடக் கூடாது என்றேன். அப்படியானால் இரண்டு நாள் கழித்தே ஊருக்குப் போகிறேன் என்றான்.

நன்றி நடுவர் அவர்களே, வணக்கம்.