வெள்ளம் வருமுன் அணை

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, அன்போடு வரவேற்ற செயலாளர் அவர்களே, பணிச்சுமைக்கு நடுவிலும் வந்திருக்கும் சுகாதார அதிகாரி அவர்களே, செவிலியர் சகோதரிகளே, இளம் மருத்துவர்களே, வணக்கம். தன் உரையைச் சுருக்கி எனக்கு நேரம் ஒதுக்கிய தலைவருக்கு முதலில் நன்றி.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். கருவுக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடி, அதாவது நஞ்சு, கர்ப்பப்பைத் தசைக்குள் வேரோடிப் போகும் நிலைக்கு இது அப்படியே பொருந்தும். வசதி குறைந்த இடத்தில் அதைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு: முன்கூட்டிக் கண்டுபிடிப்பது, அறுவையில் நிதானம், ரத்தத்தைத் தயாராக வைப்பது.

முன்பு சிசேரியன் ஆனவருக்கு நஞ்சு கீழிறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்டவர் இரண்டு சிசேரியன் ஆனவர் என்றால், நஞ்சு வேரோடியிருக்க ஏறத்தாழ 40 சதவீத வாய்ப்பு. பழைய தழும்பின் மேல் கவனமாகப் பார்த்தால் சாதாரண ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நான் பயிற்சியில் இருந்தபோது நடந்தது. அந்தத் தாய்க்கு மூன்றாவது பிரசவம், முந்தைய இரண்டும் சிசேரியன். வயிற்றைத் திறந்தோம். கர்ப்பப்பையின் அடிப்பகுதி கருநீலமாகப் புடைத்து, ரத்தக் குழாய்கள் கயிறு கயிறாக ஓடின. எனக்குக் கை நடுங்கியது. எங்கள் பெரிய டாக்டரம்மா, "நஞ்சைத் தொடாதே" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். மேல்பக்கம் கீறிக் குழந்தையை எடுத்தார், நஞ்சை உள்ளேயே விட்டுத் தைத்தார், கர்ப்பப்பையை அப்படியே அகற்ற ஆரம்பித்தார். இருந்தும் ரத்தம் கொட்டியது. கையிருப்பு இரண்டு யூனிட்! வெளியே ஓடினேன். கணவர் தம்பியைக் கூப்பிடுகிறார், தம்பி நண்பனைக் கூப்பிடுகிறான். வாசல் காவலர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "என்னுடையதை எடுங்கம்மா" என்று வந்து நின்றார். எடுத்த ரத்தத்தைப் பரிசோதித்து ஏற்ற நேரம் பிடிக்குமே! அதுவரை டாக்டரம்மா வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். அந்தத் தாய் பிழைத்தார்.

நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் 600 மில்லி ரத்தம் பாய்கிறது. நஞ்சைப் பிடித்து இழுத்தால் பத்து நிமிடத்தில் உடம்பே காலி. நஞ்சு வேரோடியிருப்பது வயிற்றைத் திறந்த பிறகுதான் தெரிகிறது, ரத்தப்போக்கும் இல்லை, தாயும் சேயும் நலம் என்றால், கர்ப்பப்பையைக் கீறாமல் வயிற்றை மூடிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதும் நல்ல வைத்தியமே. ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தான டிரானெக்சாமிக் அமிலம் பற்றியும் சொல்ல நினைத்தேன்; கேள்வி நேரத்தில் கேளுங்கள்.

சரி, ரத்தத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் ஊர் ஊராகப் போகிறேன். வெள்ளம் வருமுன் அணை போடு! பிரசவத்தை 34 முதல் 36 வாரத்துக்குள் திட்டமிட முடிகிறது, ரத்தத்தைத் திட்டமிட முடியாதா? ஆபத்துள்ள ஒவ்வொரு கர்ப்பிணியின் அட்டையிலும் ரத்தப் பிரிவோடு நான்கைந்து கொடையாளர் பெயரை எழுதுங்கள். அவர்கள் முந்தைய வாரமே கொடுத்துவிடட்டும். வாசலருகே ரத்தக் கொடையாளர் பதிவேடு வைத்திருக்கிறோம். இளம் மருத்துவர்கள் முதலில் வந்து எழுதுங்கள்.