இடுப்புத் தண்டுவடக் குழாய்ச் சுருக்கம்: அறுவை சிகிச்சை யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். சிறிது தூரம் நடந்ததும் கால்கள் கனத்து மரத்துப்போய், எங்காவது உட்கார்ந்து எழுந்தபின் மீண்டும் நடக்கிற முதியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கிவரும் குழாய், வயதோடு தடிக்கும் தசைநாராலும் பருக்கும் மூட்டுகளாலும் குறுகிப்போவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்; குனிந்தால் அது சற்று விரிகிறது.

என்னிடம் வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ரேஷன் கடைக்கு நடந்துபோவதற்குள் இரண்டு இடங்களில் உட்கார்ந்துவிடுவார். அவரே பக்கத்து ஊர்ச் சந்தைக்குச் சைக்கிளில் சிரமமில்லாமல் போய்வருவார். ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்திருப்பதால்தான் அது முடிகிறது என்பதை அறியாத வீட்டார், அவர் நடிக்கிறார் என்றே எண்ணியிருந்தார்கள். அவருடைய மகன் எம்.ஆர்.ஐ. படத்தை நீட்டி, "இவ்வளவு நெருக்கமாக இருக்கிறதே, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டாமா?" என்றார். நான் படத்தை ஒதுக்கிவைத்து, பாதத்தில் நாடி பார்த்து, பெரியவரை வராந்தாவில் நடக்கச் சொன்னேன். (இரத்த ஓட்டக் குறைவாலும் நடந்தால் கால் வலிக்கும், அவர்களுக்கு நின்றாலே வலி அடங்கிவிடும்.) படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்று நான் அலுக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு: 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், எந்தத் தொந்தரவும் இல்லாத 60 வயதுக்கு மேற்பட்டோரிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இச்சுருக்கம் தெரிந்தது.

ஆகவே, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, அந்தக் குறை அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்பதே கேள்வி. நரம்புக் குழாயை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சை கால்வலியைத் தணித்து நடையை மீட்கும் அளவுக்கு வெறும் முதுகுவலியைத் தீர்ப்பதில்லை. நீண்டநாள் மரத்துப்போன பாதம் முழுதும் தெளியும் என்ற உறுதியும் இல்லை. 2015-இல் வெளியான ஆய்வில், 169 பேரில் ஒரு பகுதியினரை அறுவைக்கும் மற்றவர்களை இயன்முறைப் பயிற்சிக்கும் ஒதுக்கினார்கள். இரண்டாண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன; ஆனால் பயிற்சித் தரப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் இடையில் அறுவைக்கு மாறியிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பலருக்கு நிலைமை ஆண்டுக்கணக்கில் அப்படியே நீடிப்பதால், சில மாதங்கள் பயிற்சி செய்துபார்க்க அவகாசம் உண்டு.

நேரம் முடிகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். குழாயை அகலப்படுத்துவதோடு, திருகாணி வைத்து முதுகெலும்புகளை இணைப்பதும் எல்லோருக்கும் தேவையா என்பதை விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். 2016-இல் வெளியான சுவீடன் ஆய்வில் அதனால் கூடுதல் பயன் தெரியவில்லை என்பதால், உங்கள் மருத்துவரிடம் அதைக் கேளுங்கள். திடீரெனச் சிறுநீர் வெளியேறாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி மங்கினாலோ, கால் வேகமாகப் பலமிழந்தாலோ, நான் சொன்ன அவகாசம் எதுவும் பொருந்தாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வணக்கம்.